ரெண்டு பேரு, ஒரு கானாறு, ஒரு வண்டி

ரெண்டு மாசமா ஆணி ரொம்ப ஜாஸ்தி. அதான் இந்தப் பக்கம் தலை காட்ட முடியல. (யாரும் தேடலைன்னு தெரியும், இருந்தாலும் சொல்லிக்கிறதுல ஒரு கெத்து இருக்கில்ல!) இன்னிக்கு வந்த மேட்டர் வண்டி. ரோடே இல்லாத பாதையில ரெண்டு பேர் போய்ட்டுப் பத்திரமா திரும்பி வர்ற மாதிரி ஒரு வண்டியை எப்படித் தேர்ந்தெடுக்கறது?

இதுக்கு நெட்டுல ஆயிரம் பதில் கெடக்கு. எல்லாத்துலயும் ஓட்டறவனைப் பத்தித்தான் பேச்சு. பவர் எவ்வளவு, டார்க் எவ்வளவு, சஸ்பென்ஷன் எப்படி... பின்னாடி உக்கார்ற ஜீவனைப் பத்தி ஒருத்தனும் வாயைத் தொறக்கல. என் கட்சி என்னன்னா, ரெண்டு பேர் வண்டியைப் பின்னாடி உக்கார்ற ஆளைக் கேட்டுத்தான் வாங்கணும். இது ஞானோதயம் எல்லாம் இல்லீங்க, சொந்த செலவுல சூனியம் வெச்சுக்கிட்டதுல கெடைச்ச பாடம்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். நமக்கு ஊரு ஆம்பூர். (உடனே பிரியாணின்னு ஆரம்பிக்காதீங்க, அது தனிப் பதிவு.) அப்பா ஒரு டேனரியில 31 வருஷம் வேலை பார்த்தவர். ரிட்டையர் ஆனப்போ வந்த காசுல நாயக்கனேரி மலையடிவாரத்துல ஒண்ணேகால் ஏக்கர் வாங்கிப் போட்டார். வாழ்நாள் பூரா தோலு, சுண்ணாம்பு, குரோம்னு மூச்சு விட்ட மனுஷனுக்கு மண்ணு வாசனை மேல அப்படி ஒரு வெறி. வேர்க்கடலை, கொஞ்சம் துவரை, பத்துப் பன்னெண்டு மாங்கன்னு.

வீட்டுலேர்ந்து நெலத்துக்கு 7 கிலோமீட்டர். ரெட்டித்தோப்பு பக்கம் ரயில்வே லைனுக்கு அடியில நுழைஞ்சு போகணும், மழை பெஞ்சா அங்கயே தண்ணி கட்டிக்கும். அப்புறம் தார் ரோடு. கடைசி ரெண்டு கிலோமீட்டர்தான் வில்லங்கம். மண் பாதை, நடுவுல ஒரு கானாறு. வருஷத்துல பாதி நாள் மணலும் உருண்டைக் கல்லும், மீதி நாள் கணுக்கால் தண்ணி, அடிச்சுப் பேஞ்சா முழங்கால். 2021 நவம்பர்ல பாலாத்துல வெள்ளம் வந்துச்சே, அப்ப இந்தக் கானாறு ஆடின ஆட்டத்துல பாதையே பத்தடி தள்ளிப் போயிடுச்சு. அதைத் தாண்டினா சரளைக்கல்லு மேடு, நூறு மீட்டர் இருக்கும். அதுல கால் வெச்சாலே வழுக்கும்.

முன்னாடி எல்லாம் அப்பா தனியாத்தான் போவார். ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு நாள் வேலிக்கு முள்ளு வெட்டறப்போ சுகர் எறங்கி மயங்கி விழுந்துட்டார். போன் வண்டிப் பையில. பக்கத்து நெலத்துக்காரர் மாட்டைத் தேடிக்கிட்டு வந்து பார்த்தப்போ சாயங்காலம் நாலு மணி. எத்தனை மணிக்கு விழுந்தார்னு அவருக்கே தெரியல. அன்னிலேர்ந்து அம்மா ஒரே வார்த்தை: "நீ போனா நானும் வருவேன். நான் வரலைன்னா நீயும் போவாத." ரெண்டு பேர் வண்டி எங்களுக்கு ஏன் தேவைன்னு இப்பப் புரியுதா? பின் சீட்டுல அம்மா இல்லைன்னா அப்பாவுக்கு நெலமே இல்லை.

வீட்டுல இருந்தது 2009-ல வாங்கின டிவிஎஸ் எக்ஸெல் சூப்பர். பெட்ரோல்ல ஆயில் கலந்து ஊத்துற ரெண்டு ஸ்ட்ரோக் வண்டி. பதினஞ்சு வருஷத்துக்கு மேல உழைச்சுட்டு, மேட்டுல ரெண்டு பேரை இழுக்க முடியாம மூச்சு வாங்க ஆரம்பிச்சது. கைக்குப் போனஸ் வந்த நேரம். பொட்டி தட்டறவன் கையில காசு வந்தா சும்மா இருப்பானா? எக்செல் ஷீட் ஒண்ணு தொறந்தேன். (எக்ஸெல்லுக்கே எக்செல் ஷீட்டான்னு கடிக்காதீங்க.)

மொதல்ல கண்ணுல பட்டது ஏடிவி. நாலு கொழுத்த டயரு, மணல்லயும் சேத்துலயும் போவுது. வீடியோ பார்க்கறப்போ அப்பாவும் அம்மாவும் அதுல ஹாயா கானாத்தைத் தாண்டற மாதிரி கனவே வந்துடுச்சு. ஆனா உள்ள போய்ப் படிக்கப் படிக்கத்தான் சங்கதி வேற.

ஏடிவி சீட்டு நீளமா இருக்கறதைப் பார்த்து ரெண்டு பேர் உக்காரலாம்னு நெனைப்போம். பெரும்பாலான மாடல்ல அது ஒரே ஆளுக்கான சீட்டு. மேடு ஏறும்போது ஓட்டறவர் முன்னாடி சாயணும், எறங்கும்போது பின்னாடி தள்ளணும், வளைவுல பக்கவாட்டுல நகரணும். ஆளோட ஒடம்புதான் அந்த வண்டிக்குப் பேலன்ஸ், நீளமே அதுக்குத்தான். பின்னாடி ஒருத்தர் உக்காந்தா நகர எடம் இல்ல, எடையும் பின் சக்கரத்துக்கு மேல போயிடுது, மேட்டுல முன்பக்கம் தூக்கும். ரெண்டு பேருக்குன்னே அச்சு நீளத்தைக் கூட்டிப் பண்ற மாடல் தனியா இருக்கு, அதை மட்டும்தான் ரெண்டு பேர் ஏடிவின்னு சொல்லணும். இந்த வண்டிகளோட வரலாறே கொஞ்சம் ரத்த வரலாறுதான். அமெரிக்காவுல மூணு சக்கர ஏடிவி கவுந்து கவுந்து, 1988-ல அரசாங்கத்தோட ஒப்பந்தம் போட்டுக் கம்பெனிங்க அதை விக்கறதையே நிறுத்தினாங்க.

அப்புறம் சைடு பை சைடுன்னு ஒரு ஜாதி. பக்கத்துல பக்கத்துல ரெண்டு சீட்டு, பெல்ட்டு, தலைக்கு மேல இரும்புக் கூண்டு. ரெண்டு பேர்ங்கற கணக்குக்கு இதுதான் நியாயமான டிசைன். அதுலயும் யமஹா ரைனோ கவுற பிரச்சனை வந்து, 2009-ல பின்பக்க ஆன்டி ஸ்வே பாரைக் கழட்டிட்டு, பின் சக்கரத்துக்கு ஸ்பேசர் போட்டு அகலமாக்கித் தர்றோம்னு கம்பெனி இலவசமா ரிப்பேர் பண்ணித் தந்தது. அகலம் கூடினா கவுறது கொறையும், சிம்பிள் பிசிக்ஸ். ஆனா எங்க நெலத்து வரப்புப் பாதை அகலம் ஒரு மாட்டு வண்டிக்கே பத்தாது. பொலாரிஸ்காரங்க 2011-லேயே இந்தியாவுக்கு வந்தாங்க. வெலை பல லட்சம். அது கூட பரவாயில்ல, கடன் வாங்கலாம். ஆனா சாதாரண ஏடிவியை நம்ம ரோட்டுல ஓட்ட ரிஜிஸ்ட்ரேஷன் கெடையாது. 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி பதிவு இல்லாத வண்டி பொது எடத்துல ஓடக் கூடாது. எங்க 7 கிலோமீட்டர்ல 5 தார் ரோடு. கடைசி ரெண்டு கிலோமீட்டருக்காக ஏடிவியை வேற வண்டியில ஏத்திட்டுப் போகணுமாம். அப்பா கேட்டார், "அப்ப அந்த வேற வண்டி எதுன்னு பார்த்தியா?"

அவ்வ்வ்வ்...

சரின்னு அட்வெஞ்சர் பைக் பக்கம் திரும்பினேன். இதுலதான் என் ஆட்டம் முடிஞ்சுது. ஆபீஸ் நண்பன் ஒருத்தன் 400 சிசி வகை வண்டி வெச்சிருக்கான். எந்தக் கம்பெனின்னு வேணாம், தப்பு பூராவும் என்னுது. ஒரு சனிக்கிழமை அதை வாங்கிட்டு ஊருக்கு வந்தேன். "அம்மா வா, நெலத்துக்கு ஒரு ரவுண்டு போய்ட்டு வரலாம்." அம்மாவுக்கு அதுல ஏறவே ஒரு கல்லு தேவைப்பட்டது. பொடவையோட ஒரு பக்கமா உக்காந்து, என் தோளை ரெண்டு கையாலயும் புடிச்சிக்கிட்டாங்க. தார் ரோட்டுல ராஜா மாதிரி போச்சு. கானாத்துல கணுக்கால் அளவுதான் தண்ணி. பாதி தாண்டறப்போ முன் சக்கரம் ஒரு உருண்டைக் கல்லுல ஏறிச் சறுக்கிச்சு. நான் காலை ஊனினேன். ஊனின எடத்துல மணல். எடை சாஞ்சா சாஞ்சதுதான், நிறுத்த முடியாது. ரெண்டு பேரும் தண்ணிக்குள்ள.

அம்மாவுக்கு முழங்கையில நல்ல சிராய்ப்பு, இடுப்புல அடி. எனக்கு ஒண்ணும் ஆகல, அதுதான் ரொம்ப அசிங்கமா இருந்தது. கால் கார்டு, ஹேண்டில் கார்டு, ரைடிங் ஷூ எல்லாம் ஓட்டறவனுக்கு இருக்கு. பின்னாடி உக்காந்தவங்களுக்கு ரப்பர் செருப்பு.

வண்டியைத் தூக்கிப் பார்த்தேன், அசையல. அம்மா அந்த அடியோட எழுந்து வந்து, பொடவையைச் சொருகிக்கிட்டு ஒரு கை குடுத்தாங்க. அப்பவும் அசையல. இருபது நிமிஷம் கழிச்சு ஒரு அண்ணன் எக்ஸெல்ல வந்தார். எங்க பக்கம் வீட்டுல உக்காந்து ஷூவுக்குக் கையால அப்பர் தைக்கிற பொம்பளைங்க நெறைய. அவங்களுக்குப் பீஸ் குடுத்து வாங்கற ஏஜென்ட் அவர். முன்னாடி ஒரு மூட்டை, பின்னாடி ஒரு மூட்டை. இறங்கி வந்து கை குடுத்தார், மூணு பேரும் சேர்ந்து நிமுத்தினோம். அப்புறம் அவர் தன் வண்டியை மூட்டையோட அதே தண்ணிக்குள்ள, ரெண்டு காலையும் தரையில தேய்ச்சுக்கிட்டே, நடக்கற வேகத்துல ஓட்டிக்கிட்டுப் போயிட்டார். ஒரு எடத்துல வண்டி கல்லுல மாட்டிச்சு. இறங்கி, பின்பக்கத்தைக் கையால அரையடி தூக்கி நகர்த்தி வெச்சார். அவ்வளவுதான்!

அன்னிக்கு ராத்திரி அம்மா இடுப்புக்கு ஒத்தடம் குடுத்துக்கிட்டே கேட்டாங்க: "உங்கப்பாவுக்கு நடுவுல மயக்கம் வந்தா, இந்த வண்டியை நான் என்னாடா பண்றது?"

என்கிட்ட பதில் இல்ல. எக்செல் ஷீட்டுல 14 காலம் போட்டிருந்தேன். இந்தக் காலம் இல்ல.

நம்பரைப் பார்த்தா இன்னும் வெளங்கும். இப்ப வர்ற ஹிமாலயன் 450 எடை 196 கிலோ, 40 நியூட்டன் மீட்டர் டார்க், அதுவும் 5500 ஆர்பிஎம்-ல. நல்ல வண்டிதான், லடாக் போறவங்க போங்க, நான் குறை சொல்லல. எக்ஸெல் 100 எடை கிட்டத்தட்ட அதுல பாதியை விடக் கம்மி. டார்க் வெறும் 6.5, ஆனா அது 3500 ஆர்பிஎம்-லயே வந்துடும். கியர் கெடையாது, கிளட்ச் லீவர் கெடையாது. சென்ட்ரிஃபியூகல் கிளட்ச், அதாவது இன்ஜின் சுத்து ஏறினா ஷூ விரிஞ்சு டிரம்மைப் புடிக்கும், கொறைஞ்சா விட்டுடும். தண்ணிக்குள்ள நின்னுட்டாலும் இன்ஜின் ஆஃப் ஆகாது. கிளட்சைத் தப்பா விட்டு வண்டி தூக்கி அடிக்காது. சின்ன வயசுல சைக்கிள் மட்டும் ஓட்டின அம்மாவால கூட அவசரத்துக்கு ஓட்ட முடியும். (பதினாறு கேஜ் போட்ட டிஸ்ப்ளேல ஜிபிஎஸ் மேப் வராதேன்னு வருத்தப்படறவங்க, கானாத்துக்கு மேப்பு எதுக்குன்னு யோசிச்சுப் பாருங்க.)

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. 1972-ல லூனா வந்து நம்ம நாட்டுல மொபெட்டைப் பிரபலமாக்கிச்சு. ஆனா ரெண்டு பேர் உக்கார்றதுக்குன்னே பண்ணின இந்தியாவோட மொதல் மொபெட், 1980-ல ஓசூர்ல வெளிய வந்த டிவிஎஸ் 50. எங்க ஊர்லேர்ந்து ஓசூர் ஒண்ணும் தூரமில்ல. அந்த ரெண்டாவது சீட்டுதான் அந்த வண்டியோட ஐடியாவே. எங்க பக்கம் கணவன் மனைவி ஒரே வண்டியில சந்தைக்குப் போனது அதுக்கப்புறம்தான்னு அப்பா சொல்லுவார். அதோட வாரிசுதான் எக்ஸெல். பிஎஸ்4 விதி 2017 ஏப்ரல்ல நாடு முழுக்க வந்ததும் ரெண்டு ஸ்ட்ரோக்குக்கு மங்களம் பாடிட்டாங்க. அதுக்கு முன்னாடியே 2015-ல நாலு ஸ்ட்ரோக் எக்ஸெல் 100 வந்துடுச்சு.

இப்ப எக்ஸெல் புராணம் பாடி முடிச்சுட்டுப் போனா நான் நேர்மையான ஆளில்ல. கொறையும் இருக்கு, அதுவும் ரெண்டு பேர்ங்கற எடத்துலதான் இருக்கு.

ஒண்ணு, பாரம். கம்பெனி சொல்ற கணக்கு 130 கிலோ. அப்பா 66, அம்மா 61. மிச்சம் 3 கிலோ. சோத்துத் தூக்கும் தண்ணி கேனும் வெச்சா முடிஞ்சுது. ஊர்ல ரெண்டு மூட்டை, மூணு ஆளுன்னு ஏத்திட்டுப் போறாங்களேன்னு கேப்பீங்க. போறாங்க, ஸ்போக்கும் பேரிங்கும் அதுக்கு வெலை குடுக்குது. அதனால உரமூட்டை வர்ற அன்னிக்கு அப்பா தார் ரோட்டோட ஷேர் ஆட்டோவுல வரணும்னு பேசி வெச்சிருக்கோம்.

ரெண்டாவது, எறக்கம். மெதுவா எறங்கும்போது சுத்து கொறைஞ்சு கிளட்ச் விட்டுடும். அப்ப இன்ஜின் இழுத்துப் புடிக்காது, மொத்த பாரமும் ரெண்டு டிரம் பிரேக்கு மேல. கியர் வண்டியில மொதல் கியர்ல போட்டு எறங்கற நிம்மதி இதுல கெடையாது. ஹோண்டாக்காரன் இதுக்கு எப்பவோ வழி கண்டுபுடிச்சான். 1958-ல வந்த சூப்பர் கப் வண்டியிலயும் இதே மாதிரி தானா புடிக்கிற கிளட்ச்தான், கூடவே மூணு கியர். 2017-ல பத்து கோடி வண்டியைத் தாண்டின சாதனை அது. அதோட காட்டு வெர்ஷன் சிடி90-ல இன்னும் ஒரு படி மேல போய், மேட்டுக்குன்னே தனியா ஒரு லோ ரேஞ்ச் கியர் வெச்சான். எக்ஸெல்லுக்கு அப்படி ஒரே ஒரு லோ கியர் குடுத்தா போதும், ஜவ்வாது மலையே அவங்க பின்னாடி போகும். ஓசூர்ல யாராவது படிச்சா சரி.

மூணாவதா ஒரு சாய்ஸ் இருக்குல்லன்னு நீங்க கேக்கறது புரியுது, 100 சிசி ஸ்ப்ளெண்டர் வகை. நாலு கியரு, எறக்கத்துல நிம்மதி, மூலைக்கு மூலை மெக்கானிக். நானும் அதைத்தான் அப்பாகிட்ட சொன்னேன். தனி ஆளா போறவருக்கோ, என் வயசுக்காரனுக்கோ அதுதான் சரி. ஆனா பெட்ரோல் டேங்குக்கு மேல காலைத் தூக்கிப் போட்டு ஏறணும், பின்னாடி அம்மா உக்காந்தப்புறம் அப்பா முட்டியால அது முடியல. தவிர, அந்த ஏஜென்ட் அண்ணன் பண்ண மாதிரி ரெண்டு காலையும் தரையில வெச்சு நடக்கறது எக்ஸெல்லுல வர்ற மாதிரி எதுலயும் வராது. நடுவுல தடுப்பே இல்லாத வண்டி. சாஞ்சா ரெண்டு பேரும் சும்மா எறங்கி நின்னுக்கலாம்.

அப்ப எறக்கத்துக்கு என்ன பண்றாங்கன்னு அப்பாகிட்ட கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அந்த எடத்துல உங்கம்மா எறங்கி நடப்பாடா. எப்பவும் அப்படித்தான்." ரெண்டு வருஷமா! மேட்டுலயும் அப்படித்தானாம். அவர் வண்டியோட மெதுவா போவார், அம்மா பக்கத்துலயே கேரியர்ல கை வெச்சு நடந்து வருவாங்க, வழுக்கினா ஒரு தள்ளு. ரெண்டு பேர் வண்டின்னா ரெண்டு பேரும் எப்பவும் மேலயே உக்காந்திருக்கணும்னு நானா நெனைச்சுக்கிட்டேன். அவங்களைப் பொறுத்தவரை பின்னாடி இருக்கறவங்க சட்டுனு எறங்க முடியணும், தேவைப்பட்டா தள்ள முடியணும், முடியாமப் போனா வண்டியை நிமுத்த முடியணும். ஒரு இன்ஜினியர் நாலு வருஷம் படிச்சும் கேக்காத ஸ்பெசிஃபிகேஷன்.

ஸ்பெசிஃபிகேஷன்னதும் ஞாபகம் வருது. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, அதுல 123-வது விதின்னு ஒண்ணு இருக்கு. பின் சீட்டு இருக்கற மோட்டார் சைக்கிள்ல புடிச்சுக்கக் கைப்பிடி, கால் வைக்க ஃபுட்ரெஸ்ட், துணி சக்கரத்துல மாட்டாம இருக்கப் பின் சக்கரத்துல பாதியையாவது மறைக்கிற தடுப்பு, இது மூணும் இருந்தே ஆகணும். நம்ம ஊரு பொம்பளைங்க பொடவை, துப்பட்டாவோட உக்கார்றாங்கன்னு சட்டம் எழுதினவனுக்கே தெரிஞ்சிருக்கு. ஆனா பைக் வாங்கினதும் பசங்க மொத வேலையா கழட்டி எறியறது அந்த சாரி கார்டைத்தான், லுக்கு போயிடுதாம். நானும் காலேஜ்ல அதைப் பண்ணினவன்தான். இனிமே பண்ண மாட்டேன், பண்றவனைப் பார்த்தா நாலு வார்த்தை கேப்பேன்.

ஆக, எக்ஸெல் 100-ஏ வாங்கியாச்சு. ஒரு லட்சத்துக்குள்ள வேலை முடிஞ்சுது. ஷோரூமுக்கு அம்மாவைக் கூட்டிட்டுப் போனேன். சேல்ஸ் பையன் என்கிட்டயே மைலேஜ், கலர்னு சொல்லிக்கிட்டிருந்தான். "தம்பி, அவங்ககிட்ட சொல்லுங்க, அவங்கதான் பார்ட்டி"ன்னேன். அம்மா சுத்தி வந்து பார்த்தாங்க, ஒரு பக்கமா உக்காந்தாங்க, எறங்கினாங்க, திரும்ப உக்காந்தாங்க. பின்னாடி கேரியரைப் புடிச்சு லேசா தூக்கிப் பார்த்தாங்க. சேல்ஸ் பையன் மொகத்தைப் பார்க்கணுமே! "தூக்க வருது. இது போதும்"னாங்க.

அப்புறம் நம்ம மெக்கானிக் பாய்கிட்ட ஓட்டிட்டுப் போனோம். ரெண்டு காலையும் ஒண்ணா வைக்கிற அளவுக்கு அகலமான ஃபுட்ரெஸ்ட், கேரியர்ல அம்மா உயரத்துக்கு ஒரு கைப்பிடி, வெல்டிங் பெயின்ட் எல்லாம் சேர்த்து 650 ரூபா. பாய் அப்பாவைப் பார்த்து, "அண்ணே, உங்களுக்கு எதுவும் பண்ண வேணாமா?"ன்னு கேட்டார். அப்பா யோசிச்சுட்டு, முன்னாடி போன் வைக்க ஒரு பை மட்டும் கேட்டார். அம்மா குறுக்க வந்து, பை எல்லாம் வண்டியில வேணாம், போன் இனிமே சட்டைப் பாக்கெட்லதான்னு சொல்லிட்டாங்க.

டிஸ்கி: பழைய எக்ஸெல் சூப்பர் விக்கிறதுக்கில்ல. ரெண்டு பேர் கேட்டாச்சு. அம்மா அதுல ஓட்டக் கத்துக்கிட்டிருக்காங்க, இப்போதைக்குத் தெருமுனை வரைக்கும்தான். கானாத்துக்கு நாள் இருக்கு.